பிக் பிளாக்கா, ஸ்மால் பிளாக்கா? – ஒரு பழைய கார் எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் மாதந்தோறும் நடக்கும் 'நம்மவர் பேசுகிறார்' நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



இந்தப் பேச்சு நம் லிஃப்டில் ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பி பிளாக் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், டெக்சாஸில் இருக்கிற என் பையன் 1968 கமாரோ ஒன்று வாங்கியிருக்கிறான். இன்ஜின் இல்லாத கார். பிக் பிளாக் போடுவதா, ஸ்மால் பிளாக் போடுவதா என்று ஒரே குழப்பமாம். எனக்கு ஏ பிளாக், பி பிளாக், சி பிளாக் தவிர வேறு பிளாக் தெரியாது. நீங்கள் டெட்ராய்ட் பக்கம் இருந்தவர்தானே, கொஞ்சம் சொல்லுங்கள்" என்றார். நான் சொல்லத் தொடங்குவதற்குள் ஆறாவது மாடி வந்துவிட்டது. ஆனால் நம் செயலாளரும் அதே லிஃப்டில் இருந்தார். "பாதியில் விட்டதை மேடையில் முடித்துவிடுங்கள்" என்று தேதியும் குறித்துவிட்டார்.

கார் வேலை தெரியாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கவலை வேண்டாம். வீடு கட்டியவர்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தவர்கள், மாடியில் தோட்டம் போட்டவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

முதலில் பிளாக் என்றால் என்ன என்று பார்ப்போம்

இன்ஜினின் முதுகெலும்பு ஒரு பெரிய வார்ப்பிரும்புக் கட்டி. அதற்குள்தான் சிலிண்டர்கள் குடையப்பட்டிருக்கும். பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும். அந்தக் கட்டிதான் பிளாக். அமெரிக்காவின் பழைய கார்களில் பெரும்பாலும் எட்டு சிலிண்டர்கள், பக்கத்துக்கு நாலாக வி எழுத்துப் போல இரண்டு வரிசையில் இருக்கும். அதைத்தான் வி-8 என்கிறார்கள்.

செவர்லே நிறுவனம் 1955-ஆம் ஆண்டு மாடலில் ஒரு புதிய வி-8 இன்ஜினைக் கொண்டுவந்தது. அப்போது அதன் தலைமைப் பொறியாளர் எட் கோல். 265 கன அங்குலம், அதாவது நம் கணக்கில் 4.3 லிட்டர். அளவில் கச்சிதம், எடையில் குறைவு, தயாரிக்கவும் எளிது. பிறகு அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கி 1957-இல் 283, 1962-இல் 327, 1967-இல் 350 என்று கொண்டுபோனார்கள். இந்தக் குடும்பத்துக்குத்தான் ஸ்மால் பிளாக் என்று பெயர்.

1950-களின் கடைசியிலேயே கார்கள் கனமாகிவிட்டன. பெரிய கார்களுக்கும் லாரிகளுக்கும் இன்னும் இழுவை தேவைப்பட்டது. அதற்காக 1958-இல் 348 என்ற பெரிய இன்ஜின் வந்தது. 1965-இல் முற்றிலும் புதிய வடிவத்தில் 396 வந்தது. அடுத்த ஆண்டே 427, 1970-இல் 454. இந்தக் குடும்பம் பிக் பிளாக்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்வார்கள். பிக் என்றால் கொள்ளளவு அதிகம், ஸ்மால் என்றால் குறைவு என்று நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை. 1970-இல் செவர்லே 400 கன அங்குல ஸ்மால் பிளாக்கையும் விற்றது. அது 396 பிக் பிளாக்கை விடக் கொள்ளளவில் பெரியது! பெயர் வந்தது கட்டியின் அளவை வைத்துத்தான். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஸ்மால் பிளாக்கில் 4.4 அங்குலம், பிக் பிளாக்கில் 4.84 அங்குலம். இந்த அரை அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசம், இன்ஜினின் நீளம், அகலம், எடை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. வார்ப்பிரும்பில் செய்த ஸ்மால் பிளாக் சுமார் 260 கிலோ. பிக் பிளாக் சுமார் 310 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையைக் காரின் மூக்கில் நிரந்தரமாகக் கட்டிவைத்தது போல.

நமக்குப் பழகிய அளவில் சொல்வதானால், மாருதி 800-இன் இன்ஜின் 796 சிசி. 350 ஸ்மால் பிளாக் என்பது ஏழு மாருதி. 454 பிக் பிளாக் என்பது ஒன்பது மாருதிக்கும் மேல். ஆக, 'சின்ன' இன்ஜினே ஏழு மாருதி என்பதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

நான் செய்த தவறு

2006-ஆம் ஆண்டு. நாங்கள் டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில் இருந்தோம். நான் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. என் மகனுக்குப் பதினாறு வயது. அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தான். இருவருமாகச் சேர்ந்து 1970 செவெல் மாலிபு கார் ஒன்றை 5,500 டாலருக்கு வாங்கினோம். பழைய காரை வாங்கி வீட்டு கேரேஜில் நிறுத்தி, சனி ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து ஓட வைப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. அதற்கு 'புராஜெக்ட் கார்' என்று பெயர்.

அந்தக் காரில் முதலில் இருந்தது 307 என்ற சாதாரண ஸ்மால் பிளாக். புகை கக்கிக்கொண்டிருந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும். மகன் சொன்னான்: "அப்பா, ஓடுகிற நிலையில் ஒரு 350 வாங்கிப் போட்டுவிடலாம். இந்த சம்மருக்குள் முடிந்துவிடும். ஸ்கூலுக்கு ஓட்டிக்கொண்டு போவேன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. 1970 செவெல் என்றாலே எனக்கு 454 பிக் பிளாக்தான். அந்த ஆண்டுதான் நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்ற தன் கட்டுப்பாட்டை ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்தது. உடனே செவெல்லில் 454 ஏறியது. அதில் எல்எஸ்6 என்ற வகைக்கு 450 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். சின்ன வயதில் என் அப்பாவின் பழைய அம்பாசடரை மேட்டில் தள்ளித் தள்ளியே வளர்ந்தவன் நான். கையில் காசு வந்த பிறகாவது தள்ளாத கார் வேண்டாமா? "செய்வதை ஒழுங்காகச் செய்வோம், 454 போடுவோம்" என்று முடிவு சொல்லிவிட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றான்.

ஒரு காயலான் கடையில், கண்டமாகிப்போன பழைய பிக்கப் வண்டியிலிருந்து எடுத்த 454 கிடைத்தது. விலை 1,100 டாலர். மலிவாக வாங்கிவிட்டோம் என்று பெருமை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஃபிளின்ட் நகரத்து வி-8 இன்ஜின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஆலை ஸ்மால் பிளாக் செய்த ஆலை என்பதால், அவர் பேச்சை நான் பாதிதான் நம்பினேன். எங்கள் இன்ஜினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதைப் போட எவ்வளவு ஆகும் என்று எழுதி வைத்திருக்கிறாயா?"

எழுதவில்லை. பிறகு எழுதினேன். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

பிரித்துப் பார்த்ததில் சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன. கிராங்க்‌ஷாஃப்டும் கடைசல் வேலை கேட்டது. பட்டறை வேலை, பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 2,900. அந்த இழுவைக்கு எங்கள் மாலிபுவின் பின் ஆக்சில் தாங்காது என்றார்கள். பழைய எஸ்எஸ் மாடல்களில் வந்த கனமான ஆக்சிலைத் தேடி வாங்கியதில் 1,400. பெரிய ரேடியேட்டர் 350. புகைக்குழாய் வேலை 800. மூக்கு கனமானதால் முன் ஸ்பிரிங்குகள், வேகம் கூடியதால் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், இரண்டும் 900. மொத்தம் 7,450 டாலர். காரை வாங்கிய விலையை விட அதிகம். இதில் ஒன்றுகூட வீண் செலவு இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதால் வந்த செலவு.

இந்தப் பணம் ஒரே நாளில் வரவில்லை. ஒரு மாதச் சம்பளத்தில் ரேடியேட்டர், அடுத்த போனஸில் ஆக்சில் என்று போனது. 2006 கோடை போனது. 2007 கோடை போனது. கார் முட்டுக்கட்டை மேலேயே நின்றது. 2008 ஆகஸ்டில் மகன் கல்லூரிக்குக் கிளம்பினான். அவனுடைய பெட்டிகளை என் ஆபீஸ் காரில்தான் ஏற்றினோம். செவெல் கேரேஜில் போர்வைக்குள் இருந்தது.

2009 ஜனவரியில் என் வேலை போனது. அந்த ஆண்டு டெட்ராய்ட் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு அதே கதை. ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு கொடுத்தது. வசந்த காலத்தில், முழுதாகப் பூட்டி முடிக்காத அந்த 454-ஐ 2,500 டாலருக்கு விற்றேன்.

454 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

விற்ற பிறகுதான் இன்னொரு விஷயம் எனக்கு உறைத்தது. நான் கனவு கண்டது 450 குதிரைத்திறன் எல்எஸ்6. நான் வாங்கியதோ லாரிக்காகச் செய்த 454. அளவு ஒன்று, குணம் வேறு. லாரி இன்ஜினில் அழுத்த விகிதம் குறைவு; காற்று போகும் வழிகளும் குறுகல். சுமை இழுக்க அது போதும், அதைத்தான் அது செய்ய வேண்டும்.

ஆண்டையும் பார்க்க வேண்டும். 1970 கார்வெட்டில் வந்த 454-க்கு 390 குதிரைத்திறன் என்று போட்டார்கள். 1974 கார்வெட்டில் வந்த 454-க்கு 270 தான். நடுவில் என்ன நடந்தது? ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப 1971-இல் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். 1972 மாடல்களிலிருந்து திறனை அளக்கும் முறையும் மாறியது. அதற்கு முன் மின்விசிறி, ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினைத் தனியாக ஓட்டி அளந்தார்கள்; பிறகு காரில் எப்படி ஓடுமோ அப்படி எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். ஆக, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

வாங்கப் போகும்போது இன்னதுதான் என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி: வால்வுகளை மூடும் தகட்டு மூடியைப் பாருங்கள். 1980-களின் நடுப்பகுதி வரை வந்த ஸ்மால் பிளாக்கில் ஒரு மூடிக்கு ஓரத்தில் நாலு போல்ட். பிக் பிளாக்கில் ஏழு. அடுத்து, பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வார்ப்பு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வந்து பட்டியலில் சரிபார்க்க வேண்டும். விற்பவர் சொல்வதைக் கேளுங்கள், எண்ணை நம்புங்கள்.

அப்படியானால் பிக் பிளாக் வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பிக் பிளாக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நம் வீட்டு டில்டிங் கிரைண்டரையும் மிக்ஸியையும் நினைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் மெதுவாகத்தான் சுற்றுகிறது. ஆனால் கெட்டி மாவிலும் திணறாது. மிக்ஸி விர்ரென்று சுற்றித் தன் வேலையை முடிக்கும். பிக் பிளாக் குறைந்த சுற்றிலேயே பெரிய இழுவை தரும். படகு இழுக்க வேண்டுமா, கனமான பெரிய காரா, நேர்கோட்டில் கால் மைல் பந்தயம் ஓடப் போகிறீர்களா, பிக் பிளாக் சுகம். இன்ஜினை விரட்டாமலே வேலை நடக்கும்.

இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. அந்தக் கார் ஆலையிலிருந்து வந்தபோதே பிக் பிளாக்குடன் வந்திருந்தால், அதை எடுத்துவிட்டு ஸ்மால் பிளாக் போடுவது பாவம். காரின் மதிப்பும் போய்விடும். ஆனால் "ஆலையிலிருந்து வந்த எஸ்எஸ் 454" என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள். 1972-க்கு முந்தைய செவர்லே கார்களின் அடையாள எண்ணில் எந்த வி-8 என்று இருக்காது; வி-8 என்பது மட்டும்தான் தெரியும். அதனால் சாதாரண மாலிபுவுக்கு எஸ்எஸ் பட்டை ஒட்டி விற்பவர்கள் ஏராளம்.

ஸ்மால் பிளாக்கின் பலம் வேறு. மூக்கு இலேசாக இருப்பதால் வளைவுகளில் கார் சொன்னபடி திரும்பும். சூடு குறைவு. இன்ஜின் அறையில் கைவிட்டு வேலை பார்க்க இடம் இருக்கும். பிக் பிளாக்கில் ஸ்பார்க் பிளக் மாற்றும்போதே கை பொசுங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. அரை நூற்றாண்டுக்கு மேல் கோடிக்கணக்கில் செய்த இன்ஜின். இழுவை போதவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. 350 பிளாக்கைச் சற்றே போர் செய்து, 400-இன் நீண்ட ஸ்ட்ரோக் கிராங்க்கைப் போட்டால் 383 கன அங்குலம் ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அதே ஸ்மால் பிளாக், எடையும் ஏறாது.

நல்ல வேளையாக, செவர்லேயில் இரண்டு குடும்பங்களுக்கும் கியர்பாக்ஸ் சேரும் போல்ட் துளைகள் ஒரே மாதிரி. இன்று ஸ்மால் பிளாக் போட்டு ஓட்டிவிட்டு, பத்து வருடம் கழித்து வசதி வந்தால் பிக் பிளாக்குக்கு மாறலாம். அந்தக் கதவு மூடாது. இதை யாராவது எனக்கு 2006-இல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வழியும் இன்று வந்துவிட்டது. 1997 கார்வெட்டில் எல்எஸ்1 என்ற புதிய தலைமுறை ஸ்மால் பிளாக் வந்தது. அதன் தம்பிகள் 1999-லிருந்து பிக்கப் வண்டிகளில் ஏராளமாக வந்தன. காயலான் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். கம்ப்யூட்டர், எரிபொருள் பம்ப், ஒயரிங் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். கார்புரேட்டர் வாசனைக்காகப் பழைய கார் வாங்குபவர்களுக்கு அது ஒத்துவராது. தினமும் ஓட்ட நினைப்பவர்களுக்கு அதுவே நல்லது.

இருபது நிமிடம்

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 454-ஐ விற்ற பணத்தில் பெரும்பகுதி வீட்டுச் செலவுக்குப் போனது. 400 டாலருக்கு ஒரு பழைய 350 வாங்கினேன். வார்ப்பு எண் 3970010. அந்தக் காலத்தில் மிகச் சாதாரணமாகப் புழங்கிய பிளாக். ஆயில் சேம்பரைக் கழற்றிப் பார்த்ததில் மெயின் பேரிங் மூடிகளுக்கு இரண்டு போல்ட்தான் இருந்தது, நாலு இல்லை. முகம் சுளித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்தார். "ரோட்டில் ஓட்டத்தானே போகிறாய்? இரண்டு போதும்" என்றார். வேலையில்லாத நாட்களில் அவரே கூட நின்று ஒவ்வொரு பேரிங்கையும் அளந்து பூட்டக் கற்றுக்கொடுத்தார். 1,600 டாலரில் இன்ஜின் முடிந்தது.

2010 ஜூலையில் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது முதன்முறையாக ஸ்டார்ட் செய்தோம். இந்தப் பழைய வகைக் கேம்‌ஷாஃப்டுக்கு ஒரு விதி உண்டு. புதிதாகப் பூட்டிய இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடக் கூடாது. 2,000 சுற்றுக்கு மேலேயே வைத்து இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். துத்தநாகம் கலந்த ஆயில் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் கேமும் அதை ஒட்டி ஓடும் லிஃப்டரும் உராய்ந்து முதல் நாளே தேய்ந்துவிடும். அவன் கார்புரேட்டர் பக்கம், நான் ரேடியேட்டர் பக்கம். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. அவன் சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பான், நான் ஆயில் அழுத்தத்தைப் பார்ப்பேன், இருவரும் கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொள்வோம். இருபது நிமிடம் முடிந்து சாவியைத் திருப்பியபோது தெருவே அமைதியானது போல இருந்தது.

அடுத்த மாதம் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் டிரீம் குரூஸுக்குப் போனோம். 1995-லிருந்து ஆகஸ்ட் மாதத்தில் டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார்களின் திருவிழா அது. ஆயிரக்கணக்கான கார்கள் ஊர்ந்து போகும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் போவது போலத்தான். முதல் கியரைத் தாண்ட முடியாது. எங்களுக்கு முன்னால் ஒரு நிஜமான எஸ்எஸ் 454 போனது. சூடு ஏறி ஓரமாக நின்றுவிட்டது. எங்கள் 350 பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை; அந்தக் கார் நன்றாகக் குளிர்ந்த பிறகு எங்களைத் தாண்டிப் பறந்ததையும் பார்த்தேன்.

அன்று ஓட்டியது மகன்தான். ஆனால் அவனுக்கு அப்போது இருபது வயது. அடுத்த வாரம் கல்லூரிக்குப் போய்விட்டான். பதினாறு, பதினேழு வயதில் அவன் அந்தக் காரை ஓட்டியிருக்க வேண்டிய இரண்டு கோடைகளும் என்னுடைய 454-க்குள் போய்விட்டன. டாலர் கணக்கை நோட்டில் எழுதினேன், இதை எழுதவில்லை.

சில வருடங்கள் கழித்து அவனிடமே சொன்னேன், "அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்" என்று. "பரவாயில்லைப்பா, டிஸ்க் பிரேக் மாட்ட அப்போதுதானே கற்றுக்கொண்டேன்" என்றான். இப்போது கார் அவனிடம் இருக்கிறது. அதே 350-தான். ஒரு கேலனுக்கு 14 மைல், அதாவது லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுக்கிறதாம்.

கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகள்

உங்கள் பிள்ளைகளோ பேரன்களோ இந்தக் கேள்வியோடு வந்தால், இன்ஜின் பெயரைச் சொல்லாதீர்கள். பதிலுக்கு மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இந்தக் காரை எதற்காக ஓட்டப் போகிறாய்? ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்கப் போகவா, தினமும் ஆபீஸுக்கா, பந்தயத்துக்கா?

இரண்டு, இன்ஜினுக்கு மட்டுமா, அதற்குப் பின்னால் வரும் ஆக்சில், ரேடியேட்டர், ஸ்பிரிங், பிரேக், புகைக்குழாய் எல்லாவற்றுக்கும் விலை எழுதிவிட்டாயா? கடைசி வரியில் கூட்டுத்தொகை இருக்கிறதா?

மூன்று, எந்தத் தேதிக்குள் ஓட வேண்டும்? யாரை உட்காரவைத்து ஓட்ட வேண்டும்? அவர்கள் அந்தத் தேதியில் வீட்டில் இருப்பார்களா?

மூன்றுக்கும் நேரான பதில் இருந்து, அதற்குப் பிறகும் பிக் பிளாக்தான் என்றால் தாராளமாகப் போடட்டும். பத்துப் பேரில் ஓரிருவருக்கு அதுதான் சரியாக இருக்கும். மற்றவர்களுக்கு, ஓடாத பெரிய இன்ஜினை விட ஓடுகிற சின்ன இன்ஜின் மேல்.

கூட்டத்தில் எழுந்த இரண்டு கேள்விகள்

"நம்மூரில் அம்பாசடர், கான்டெசாவுக்கு இது பொருந்துமா?" என்று ஒருவர் கேட்டார். கணக்கு பொருந்தும். கான்டெசாவே அதற்கு உதாரணம். 1980-களில் அந்தப் பெரிய உடலுக்கு அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜினைத்தான் முதலில் போட்டார்கள். திணறியது. பிறகு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்ததும்தான் கார் நிமிர்ந்தது. அங்கே பெரியதுதான் சரியான விடை. உடலுக்கும் வேலைக்கும் ஏற்ற இன்ஜின் என்பதுதான் விஷயம். ஆனால் இங்கே ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து அனுமதி வாங்காமல் வேறு இன்ஜின் மாற்றிவிடாதீர்கள், இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

"நம் பார்க்கிங்கில் செய்யலாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். செயலாளர் முதல் வரிசையில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. அவரே எழுந்து சொல்லிவிட்டார்: கூடாது.

டெக்சாஸ் பையனிடம் சென்ற வாரம் நானே போனில் பேசினேன். மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அங்கிள், அப்பாவும் அம்மாவும் அடுத்த மே மாதம் வருகிறார்கள்" என்றான். பி பிளாக் நண்பரே, டிக்கெட் போட்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பையன் என்ன இன்ஜின் வாங்கப் போகிறான் என்பதை நான் சொல்ல மாட்டேன். விமான நிலையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.